கொக்குக்கும் கோழிக்கும் ஓலை

உபதேசியார் சௌந்தரராஜன் சீட்டை மூக்கு நுனிக்குக் கொண்டுபோய் வாசித்துக்கொண்டிருந்தார். சபை மொத்தமும் அந்தச் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதுகில் ஒரு கொக்கு நின்றது. கோட்டுப் போட்ட கொக்கு. அது ஒரு குடையை விரித்துப் பிடித்திருந்தது. குடைக்குக் கீழே, சிலேட்டின் மேல் ஏறி நின்றுகொண்டு, பிரம்பு ஏந்திய ஒரு கோழி.

"ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பு வால்டருக்கும், பள்ளிக்கூடத்து ஜெயசீலி அம்மாளுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் இணையத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள். இது முதல் ஓலை."

பெண்கள் பக்கத்துப் பாயில் ஒருத்திக்கு இருமல் வந்தது. அது சிரிப்புக்குப் போட்ட மூடி. அடுத்தவளுக்கும் இருமல் தொற்றியது. இரண்டு நிமிஷத்தில் கோயிலே காசநோய் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது.

டெய்சி முழங்கையால் ஐடாவின் விலாவில் இடித்தாள். "ஏண்டி, அது உன் கொக்குதானே?"

"வாயை மூடுடி."

"கோழியும் உன்னுதுதான். கொண்டையைப் பார்த்தாலே தெரியுதே."

ஐடாவுக்குப் பதினேழு வயது. வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் அழுதுவிடுவாள். ஆனால் கையில் தூரிகை வந்துவிட்டால் அந்த ஊரில் அவளிடமிருந்து தப்பித்த ஆள் கிடையாது. சுரங்கத்துக்கு மெழுகுவத்தி வரும் பெட்டிகளின் அட்டையை வெட்டி, சலவை நீலம், மஞ்சள், விளக்குக் கரி எல்லாம் குழைத்து, கிறிஸ்துமஸ் அட்டை, பிறந்தநாள் அட்டை, காரணமே இல்லாத அட்டை என்று வரைந்து தள்ளுவாள். மிச்சத்தை நோட்டுகளில் வரைந்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். அவள் பள்ளிக்கூடம் நின்றதே ஒரு படத்தால்தான். ஜெயசீலி டீச்சரை எருமையாக வரைந்த சிலேட்டு டீச்சர் கையிலேயே கிடைத்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று தடவையும் யாரும் தடை சொல்லாவிட்டால் மறுநாளேகூடத் தாலி கட்டலாம். போன வாரம் மழையில் பொழுது போகாமல், ஐடா வேடிக்கைக்கு ஒரு பொய் ஓலை எழுதினாள். ஊரிலேயே ஒட்டவே ஒட்டாத இரண்டு பேர் யார் என்று யோசித்தாள். சுரங்கத்து டிக்கெட் ஆபீசு வால்டர், நாற்பது வயது, பெண் பிள்ளைகள் எதிரே வந்தால் பாதை மாறி நடப்பவர். ஜெயசீலி டீச்சர், முப்பத்தைந்து வயது, ஆண்பிள்ளைகள் எதிரே வந்தால் அவர்களையே பாதை மாறவைப்பவர். எழுத்தெல்லாம் கோயில் வாசகம் அப்படியே. வேடிக்கை படத்தில் மட்டும்.

அந்த நேரம் பார்த்து அப்பா ஏனோக்கு ஷிப்டு முடிந்து சீக்கிரம் வந்துவிட்டார். வாரத்தில் ஆறு நாள் அவர் சுரங்கத்து மேஸ்திரி. ஏழாம் நாள் கோயில்பிள்ளை. அதாவது மணி அடிப்பவர், விளக்குத் துடைப்பவர், சபையார் கொடுக்கும் சீட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து உபதேசியாரிடம் கொடுப்பவர். பதறிய ஐடா, கைக்கு எட்டிய இடத்தில் அட்டையைச் செருகினாள். கைக்கு எட்டியது அந்தத் தகரப் பெட்டி.

நல்ல வேளையாக வால்டரும் டீச்சரும் அன்று கோயிலுக்கு வரவில்லை. அப்பாவும் கோயிலின் பின்கோடியில், மணிக்கயிற்றின் கீழே நின்றதால் படத்தைப் பார்க்கவில்லை. அந்த நல்ல வேளை செவ்வாய்க்கிழமை வரைதான் நீடித்தது.

செவ்வாய் சாயங்காலம் ஒரு மாப்பிள்ளைப் பையனும் அவன் அம்மாவும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏனோக்கு அண்ணே, எங்க ஓலைக்குப் பின்னாடி மயிலு போடச் சொல்லுங்க."

"இன்னா மயிலு?"

"வால்டருக்குக் கொக்கு போட்டீங்களே. எங்க பையன் இன்னா கொறைஞ்சிட்டான்?"

அவர்கள் போனதும் அப்பா கதவைச் சாத்தினார்.

"ஐடா."

"நைனா."

"கோயில் ஓலையில கொக்கு போட்டது யாரு?"

"தெரியாது நைனா."

"நான் கண்டுபிடிப்பேன். அது நம்ம வீட்டுக் கையா மட்டும் இருந்துச்சு, நோட்டு, சாயம், தூரிகை அத்தனையும் அடுப்புல. கைக்குச் சொந்தக்காரி பேத்தமங்களாவுல அத்தை வீட்டு எருமைங்களோட. அங்க போயி சாணியில படம் போடட்டும்."

அன்று ராத்திரி ஐடாவுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தை வீட்டில் எட்டு எருமைகள். ஒன்றுக்கும் முகபாவமே கிடையாது. வரைய உதவாத பிராணிகள்.

மறுநாள் அவள் ஒரு முடிவோடு டிக்கெட் ஆபீசு ஜன்னலுக்குப் போனாள். வால்டர் தானாகவே தடை சொல்லிவிட்டால் ஓலை நின்றுவிடும். கொக்கையும் ஊர் மறந்துவிடும். வால்டர் உள்ளே சுரங்கத் தொழிலாளிகளின் பித்தளை வில்லைகளை எண்வாரியாக ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் காது சிவந்தது.

"அண்ணா, ஞாயித்துக்கெழமை ஓலை வாசிச்சாங்க."

"ஆமா. கேள்விப்பட்டேன்."

"நீங்க போயி தடை சொல்லிடுங்கண்ணா."

வால்டர் ஒரு வில்லையைக் கீழே போட்டார். "நானே ஏம்மா தடை சொல்லணும்?"

"டீச்சரம்மா ரொம்பக் கோவக்காரங்க."

"அப்பிடியா."

"பிரம்பால அடிப்பாங்க."

"எனக்குத்தான் வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் தெரியுமே." வால்டர் குனிந்து வில்லையைத் தேடினார். தலை மேசைக்குக் கீழே இருந்தபோது குரல் மட்டும் வந்தது. "ஓலையோட படமும் வரும்னு எனக்குத் தெரியாது. உபதேசியார் புது வழக்கம் ஆரம்பிச்சுக்கினாரு போல. கொக்கு எப்பிடி, நல்லா இருந்துச்சாமா?"

"காலு கொஞ்சம் நீளம்ணா."

"இருக்கட்டும். எனக்கு நீளம்தான்."

ஐடா தலையில் அடித்துக்கொண்டு திரும்பினாள். முன்பின் கேட்காமல் ஓலை வாசித்தால்கூடச் சரி என்று போகிற அளவுக்கு ஒரு மனிதன் இத்தனை காலம் காய்ந்துபோயிருக்கிறானே என்று அவளுக்குப் பரிதாபமாகவும் இருந்தது.

சரி, இனி டீச்சர் வழி. டீச்சருக்குக் கோபம் மூட்டுவதில் ஐடாவுக்கு முன் அனுபவம் உண்டு. செம்புக் கம்பியை வளைத்து, இரண்டு கோட்டுப் பொத்தானைக் கண்ணாக வைத்து, சேவல் இறகு ஒன்றைச் செருகி, இதுவரை எந்தப் பெண்ணின் கொண்டையிலும் ஏறியிராத அளவு கோரமாக ஒரு ஊசி செய்தாள். கூடவே ஓர் அட்டை. அதில் மூக்குக்கண்ணாடி போட்ட கோழி. அடியில் "அன்புடன் வால்டர்" என்று எழுதி, விடியற்காலையில் டீச்சர் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

மத்தியானம் டெய்சி மூச்சிரைக்க வந்தாள்.

"ஐடா! டீச்சரம்மா கொண்டையில இன்னா தெரியுமா?"

"இன்னா?"

"சேவல்! ரெண்டு கண்ணோட! அதை வச்சிக்கினே மூணாங்கிளாசுக்குப் பாடம் எடுத்தாங்களாம். ஒருத்தன் சிரிச்சானாம்."

"அடிச்சாங்களா?"

"அவங்களும் சிரிச்சாங்களாம்டி!"

அந்தப் பள்ளிக்கூடம் கட்டின நாளிலிருந்து அங்கே நடக்காத ஒன்று அது. வெள்ளிக்கிழமைக்குள் லைனில் நாலு பெண்கள் கொண்டையில் கோழி இறகோடு தண்ணீர் பிடிக்கப் போனார்கள். இரண்டாம் ஞாயிறு, முன்வரிசைப் பாயில் இடம் பிடிக்க ஜனங்கள் முதல் மணிக்கே வந்துவிட்டார்கள். வால்டரும் டீச்சரும் மட்டும் வரவில்லை. உபதேசியார் பைபிளைத் திறந்தார். கொக்கு மறுபடியும் எழுந்து நின்றது. "இது இரண்டாம் ஓலை."

மணிக்கயிற்றின் கீழே இருந்து அப்பா எட்டி எட்டிப் பார்த்தார். நல்ல காலம், முன்னால் இருந்த தலைகளும் எட்டிப் பார்த்தன.

ஐடா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். இடது கையால் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினாள். "டீச்சரம்மா, ஏமாற வேண்டாம். வால்டருக்குப் பாலகாட்டில் ஏற்கெனவே பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். இப்படிக்கு உண்மை விளம்பி." அதையும் ஜன்னலில் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் ஊரே ஒரு காட்சியைப் பார்த்தது. டீச்சர் குடையை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டுக்குப் போகும் பாதையில் நடந்தார். பக்கத்தில் வால்டர், சலவைக் கோட்டில்.

"போச்சு, நேரா போயி விசாரிக்கப் போறாங்க. வால்டர் அண்ணா சத்தியம் பண்ணிக்கினே பின்னாடி போறாரு" என்றாள் டெய்சி.

"போகட்டும். சண்டை வந்தா நல்லதுதான்."

சாயங்காலம் இருவரும் திரும்பி வந்தார்கள். குடை இப்போது வால்டர் கையில் இருந்தது. கீழே டீச்சர் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தார். படத்தில் இருந்ததுபோலவேதான். பிரம்பு மட்டும் இல்லை.

தண்ணீர்க் குழாயடியில் வால்டரின் அம்மா மரியகுழந்தை குடத்தை வைத்தபோது ஐடா மெதுவாக விசாரித்தாள்.

"பாலகாட்டுல இன்னா ஆச்சுங்க?"

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. கல்யாணம் அடுத்த புதன்கெழமை. அந்த மூணு பிள்ளைங்களும் வால்டர் மடியை விட்டு எறங்கவே இல்லியாம். அழுதுக்கினே அனுப்பிச்சுதுங்களாம்."

ஐடாவின் குடம் நழுவியது.

மூன்று பிள்ளைகள்! அவள் சும்மா ஒரு எண்ணிக்கைக்கு எழுதிய மூன்று! பொய்யென்று எழுதினால் அது உண்மையாக இருந்து தொலைந்திருக்கிறது. வால்டர் பெண்சாதியை எங்கேயோ மறைத்துவைத்து, டீச்சரிடம் என்னவோ கதை சொல்லி அழைத்துவந்திருக்கிறார். புதன்கிழமை ஜெயசீலி டீச்சர் இரண்டாந்தாரமாகப் போகப்போகிறார். எல்லாம் ஒரு கொக்கால்.

ராத்திரி முழுக்க அவள் இரண்டு பக்கமும் புரண்டாள். பேசாமல் இருந்தால் நோட்டுகள் பிழைக்கும். பேசினால் டீச்சர் பிழைப்பார். தன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்திய டீச்சர்தான். ஆனால் ஒரு சேவல் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு சிரித்தவரும் அதே டீச்சர்தான். ஐடா செய்த எதையும் இதுவரை வேறு யாரும் அணிந்ததில்லை.

மூன்றாம் ஞாயிறு. கோயிலில் எள் போட இடமில்லை; ஓலைக்குரிய இருவர் மட்டும் இன்றும் வரவில்லை. கொக்கு எழுந்தது.

"...தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லக்கடவர்கள். இது மூன்றாம்..."

"இருக்குது!"

ஐடா எழுந்து நின்றுவிட்டாள். டெய்சி அவள் புடவையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். புடவைதான் வந்தது, ஐடா வரவில்லை.

"இன்னாம்மா தடை?" என்றார் உபதேசியார், சத்தம் வந்த திசையைப் பார்த்து.

"அந்த ஓலை பொய்ங்க. அது நான் வெளாட்டுக்கு எழுதினது. கொக்கும் நான்தான், கோழியும் நான்தான். சேவல் ஊசியும் வால்டர் அண்ணா கொடுக்கல, நான் வச்சேன். மொட்டைக் கடுதாசியும் நான்தான். ஆனா அவருக்கு பாலகாட்டுல நெசமாவே மூணு பிள்ளைங்க இருக்குதுங்க. கல்யாணத்தை நிறுத்துங்க!"

இருமல் எல்லாம் நின்றது. பின்கோடியில் மணிக்கயிறு ஆடியது. அப்பா கயிற்றை விட்டுவிட்டு, பாய்களுக்கு நடுவே நடந்து வரத் தொடங்கினார். ஐடா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணுக்குள் எட்டு எருமைகள் வரிசையாக நின்றன.

மரியகுழந்தைதான் முதலில் வாய் திறந்தாள். "அட பைத்தியக்காரப் பொண்ணே! அது டீச்சரம்மாவோட தம்பி பிள்ளைங்கடி. தம்பி பாலகாட்டுல இருக்கிறாரு. நாள் குறிக்கத்தான் ரெண்டு பேரும் போனாங்க."

"ஆனா ஓலை என்னுதுங்களே!" ஐடாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் எழுதலேன்னா அவங்களுக்குக் கல்யாண நினைப்பே வந்திருக்காதே!"

உபதேசியார் சௌந்தரராஜன் கையிலிருந்ததை இன்னும் கொஞ்சம் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய காகிதத்தை அட்டையிலிருந்து தனியாகப் பிரித்து உயர்த்தினார்.

"உன் ஓலையா? வால்டரும் டீச்சரம்மாவும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு என் கையிலயே கொடுத்ததைத்தாம்மா மூணு வாரமா வாசிக்கிறேன். காகிதம் காத்துல மடங்குதேன்னு உங்க நைனா பெட்டியில கெடந்த அட்டை ஒண்ணைப் பின்னாடி முட்டுக் கொடுத்தேன்... ஆமா, அதுல இன்னா, படம் ஏதாச்சும் இருக்குதா?"