டிக்கட் இல்லாத தோணி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து, ஈரச் சேற்றில் நண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடிய மாதிரி இருக்கும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்பது இன்னும் எனக்குத் தெளிவில்லை. சந்தேகம் வந்த இடங்களில் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் விருப்பமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பெரிய கூச்சக்காரன். பஸ்ஸில் “இறக்கம்” என்று சத்தம் போட வெட்கப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், நடந்து திரும்பி வருகிற ஆள். அப்படிப்பட்டவனைப் பார்த்து ஒரு மைதானமே எழும்பி நின்று கைதட்டிய கதை இது. (பாராட்டிக் கைதட்டினார்கள் என்று அவசரப்பட்டு நினைக்க வேண்டாம்.)

எங்கள் வீடு படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில். வீடு என் மனைவி தவமணியின் சீதனம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அந்த வளவுக்குள் என்னுடையது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல ஒரு தோணியும் ஒரு வீச்சுவலையும்தான் உண்டு. மூத்த மகள் லக்சிகா, பெண்கள் மென்பந்து கிரிக்கெட் அணியில் வேகப்பந்து போடுகிறவள். அப்பன் பஸ்ஸில் வாய் திறக்கமாட்டான். மகளோ நடுவரைப் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவாள். யாரிடமிருந்து வந்ததோ தெரியாது.

போன வருடம் அவளுடைய அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. அதுவரை அவள் விளையாடி ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை. கூட்டம் என்றால் நான் வேறு பாதை பிடித்துவிடுவேன். அதோடு, எங்கே மெச் நடந்தாலும் குடும்பத்தோடு போய்வர ஒரு கிழமை முழுக்கப் பிடிக்கிற இறாலின் காசு வேண்டும். லக்சிகா அந்த முறை விடவில்லை.

“அப்பா, மத்தப் புள்ளையளுட அப்பாமாரெல்லாம் வாறாங்க. நான் ஓடி வந்து போடுறத ஒரு நாளைக்காவது நீங்க கண்ணால பாக்கணும். எல்லாரும் வரணும். சனம் இருக்கிற கலரியில நான் தேடுவன்.”

“ஓம் மகள், வருவம்,” என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்குக் காசு இல்லைதானே.

விலை விபரம் கொண்டு வந்தவன் தவமணியின் அண்ணன், என் மச்சான் சீனித்தம்பி. அவன் டவுணுக்குப் போனால் எல்லா விலையும் விசாரித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவான்.

“மச்சான், முந்தி நாம மதில்ல ஏறி இருந்து பாத்த கிறவுண்டுதானே? இப்ப தகரக் கூரை போட்டிரிக்கானுகள். கதிரைக்கு ஒரு விலை, கலரிக்கு ஒரு விலை. ரெண்டும் போன வருசத்து விலை இல்ல.”

“விளையாடுற புள்ளைட ஆக்களுக்குமா?”

“புள்ளைக்குச் சும்மா. பெத்தவனுக்குக் காசு.”

“சின்னவளுக்கு?” என்றாள் தவமணி. சின்னவள் அபிசா இரண்டாம் வகுப்பு.

“அவளுக்கும்தான்.”

“மடியில வெச்சிக்கிட்டா?”

“மடிக்கும் சேத்துக் கேப்பானுகள் தங்கச்சி. சோத்துப் பார்சலும் கொண்டு போக ஏலாதாம். உள்ளுக்க விக்கிற றோல்ஸ்தான் திங்கணும். அந்த றோல்ஸ ஒரு கடி கடிச்சன். உள்ள ஒண்டுமில்ல, காத்து. திரும்பி வர பஸ்சும் இல்ல, ஓட்டோதான்.”

தவமணி பெருமூச்சு விட்டாள். “அப்ப நீங்க ஒரு ஆள் மட்டும் போய்ட்டு வாங்களன்.”

அத்தனை சனத்துக்கு நடுவில் நான் தனியாகவா?  அந்தப் பயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மைதானத்தின் மூன்று பக்கமும் மதில். நாலாவது பக்கம் வாவி. வாவிக்கு யார் டிக்கட் வெட்டுவது?

சொன்னதும் சீனித்தம்பி என் தோளில் ஓங்கி அடித்தான். “மச்சான், நீ அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டினது நாட்டுக்கே நட்டம்!”

லக்சிகாவிடம் சொல்லவில்லை. அணியின் வான் வண்டியில் அவள் விடியவே போய்விட்டாள். பின்னால் நாங்கள் தோணியில் ஏறினோம். வலை எப்போதும்போல அதிலேயே கிடந்தது. தவமணி சோறும் நண்டுக் கறியும் பிளாஸ்கில் தேநீரும் எடுத்தாள். சீனித்தம்பி ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து தோணியின் நடுவில் வைத்தான். (“நான் கதிரை டிக்கட்டுக்காரன்” என்றான்.) வெயிலுக்கு, நெல் காயப்போடுகிற நீலப் படங்கை இரண்டு தடியில் கட்டி நிழலும் செய்தான். அதைக் கட்ட என்னுடைய தோணிக் கயிற்றை எடுத்துக்கொண்டான்.

இங்கே ஒரு விசயம். அது கச்சான் காற்றுக் காலம். கச்சான், பகல் ஏற ஏற மேற்கிலிருந்து அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி வீசும். அதாவது எங்கள் கரையிலிருந்து மைதானத்தின் கரைக்கு. தோணியில் அகலமான சீலை எதையும் விரிக்கக் கூடாத காலம் என்று எங்கள் ஊர்க் கோழிக்குக்கூடத் தெரியும். முப்பது வருடமாக வலை வீசுகிற எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் மீனவனாகப் போகவில்லை, பார்வையாளனாகப் போனேன். பார்வையாளனுக்கு மூளை கொஞ்சம் குறைவு.

மைதானத்தை நெருங்கியதும் முதல் அடி விழுந்தது. வாவிப் பக்கம், தண்ணீர் விளிம்போடு, நீளத்துக்கும் விளம்பரப் பதாகைகள் கட்டியிருந்தார்கள். நடுவில் பிரதம விருந்தினரின் பென்னாம் பெரிய படம், வாய் நிறையச் சிரிப்போடு. அதற்கு மேலாக எங்களுக்குத் தெரிந்தது ஓடித் திரிகிற தலைகள் மட்டும். கட்டுவதற்குக் கயிறு இல்லாததால், தோணி தள்ளுகிற கம்பைச் சேற்றில் குத்தி, அதைக் கட்டிப்பிடித்தபடி தோணியை நிறுத்தினேன். நிற்காமலே நின்றோம்.

எங்கள் அணி முதலில் ஆடி முடித்திருந்தது. இப்போது லக்சிகாவின் பந்துவீச்சு. அவளுடைய தலை ஓடி வரும், ஒரு கை மேலே எழும்பும், அப்புறம் ஒன்றும் தெரியாது. பந்து என்ன ஆனது என்பதை ஒலிபெருக்கி சொன்னால்தான் உண்டு.

“வைட் பந்து!” என்றது ஒலிபெருக்கி.

அந்தத் தலை கலரிப் பக்கம் திரும்பியது. வரிசை வரிசையாகத் தேடியது. மறுபடி ஓடி வந்தது.

“மீண்டும் ஒரு வைட் பந்து!”

“நம்மளத்தான் தேடுறாள்,” என்றாள் தவமணி. அவள் குரல் மாறிவிட்டது. “வரல்லயெண்டு நினைக்கிறாள். கையக் காட்டுங்க. கூப்பிடுங்க!”

கூப்பிட நினைத்தேன்.  பிறகு அத்தனை சனமும் திரும்பிப் பார்க்கும் என்று நினைத்ததும், பஸ்ஸில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. வாய் திறக்கவில்லை. ஒன்றைச் சொல்கிறேன், அந்த டிக்கட் காசு எனக்கு அப்போது மிகவும் மலிவாகத் தெரிந்தது.

அடுத்த பந்து வைட் இல்லை. ‘டொக்’ என்று சத்தம் கேட்டது. பதாகைக்கு மேலே ஒரு மஞ்சள் புள்ளி கிளம்பி, வளர்ந்து, எங்கள் தோணிக்கு முன்னால் ‘தொபுக்’ என்று தண்ணீரில் விழுந்தது.

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. தண்ணீரில் ‘தொபுக்’ என்று சத்தம் கேட்டால் கை தானாக வலைக்குப் போகும். முப்பது வருடப் பழக்கம். கம்பை விட்டேன், எழும்பினேன், வீசினேன். வலை பூப்போல விரிந்து விழுந்தது. என் வாழ்க்கையிலேயே அழகான வீச்சு அதுதான். இழுத்தால், பந்து உள்ளே. கூடவே இரண்டு கெழுத்தி மீன்.

“புடிச்சாச்சு!” என்று திரும்பினேன். அப்போதுதான் கம்பு எங்களை விட்டுத் தூரப் போவது தெரிந்தது. உண்மையில் கம்பு நின்ற இடத்தில்தான் நின்றது. நாங்கள்தான் போய்க்கொண்டிருந்தோம்.

கச்சான் படங்கை ஊதி வயிறு பெருக்க வைத்திருந்தது. “படங்க அவிழு மச்சான்!” என்று கத்தினேன். சீனித்தம்பி கதிரையில் இருந்தபடியே முடிச்சை இழுத்தான். அவன் போட்ட முடிச்சு, அவனுக்கே அவிழவில்லை. தவமணி சோற்றுச் சட்டியைக் கட்டிப்பிடித்தாள். அபிசா மட்டும் கைதட்டினாள்: “அப்பா, இன்னும் கெதியா!”

“அன்பான ரசிகர்களே,” என்றது ஒலிபெருக்கி. கொஞ்சம் தயங்கியது. “மைதானத்தை நோக்கி ஒரு தோணி வந்துகொண்டிருக்கிறது.”

வந்தோம். பிரதம விருந்தினரின் சிரித்த வாய்க்குள் தோணியின் மூக்கு நுழைந்தது. ‘டர்ர்’ என்று பதாகை கிழிய, எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் சேற்றில் ஏறி நின்றோம். ஒரு கையில் வலை, அதற்குள் பந்து, கெழுத்தி. பின்னால் கதிரையில் ராசா மாதிரி சீனித்தம்பி. கலரி முழுக்க எழும்பி நின்று கைதட்டியது, விசிலடித்தது. உண்மையான பிரதம விருந்தினரும் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, என் கண் என் கால் பெருவிரலை விட்டு எழும்பவில்லை.

டிக்கட் கிழிக்கிற தம்பி ஒருவர் ஓடி வந்தார். என்ன கேட்பதென்று தெரியாமல், பழக்கத்தில் கேட்டுவிட்டார்: “ஐயா, டிக்கட் இரிக்கா?”

நான் பதில் சொல்வதற்குள் லக்சிகா வந்துவிட்டாள். முகம் முழுக்க வியர்வை. நான் தலையைக் குனிந்தேன்.

“எங்கட அப்பா,” என்றாள் அந்தத் தம்பியிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு என்னிடம், “எப்ப வந்தீங்க?”

“நீ பந்து போடத் தொடங்கினதுல இருந்தே இஞ்சதான் மகள். உன்ட தலை மட்டும்தான் தெரிஞ்சிது.”

அவள் பதாகை ஓட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள். “இப்ப முழுசாத் தெரியும்தானே? பந்தைத் தாங்க. இறங்காம அதுலயே இரிங்க.”

வேறு பந்தும் இருக்கவில்லை. காலையில் ஆண்களின் மெச்சில் அடித்ததெல்லாம் வாவிக்குள் போய்விட்டதாம். நடுவர் நனைந்த பந்தைத் தன் காற்சட்டையில் துடைத்து, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து லக்சிகாவிடம் கொடுத்தார்.

அவள் ஓடி வந்தாள். முதல் முறையாகத் தலையோடு உடம்பும் காலும் சேர்ந்து ஓடி வந்ததைப் பார்த்தேன். என் பிள்ளை இவ்வளவு உயரமா என்று நினைத்தேன். கை சுழன்றது. தண்ணீர் குடித்திருந்த பந்து நிலத்தில் குத்தி, எழும்ப மனமில்லாமல் தவழ்ந்து போய், ஆறு ஓட்டம் அடித்த அந்தப் பெண்ணின் மட்டைக்குக் கீழால் நுழைந்து, விக்கெட்டைச் சாய்த்தது.

“அவுட்!” என்று மைதானத்தில் முதலில் கத்தியது யார் தெரியுமா? நான்தான். (தவமணி இன்றைக்கும் நம்பமாட்டாள். அது சீனித்தம்பி என்பாள்.)

மெச்சில் எங்கள் அணி தோற்றது. கடைசி ஓவர் வரை போய்த் தோற்றது. திரும்பி வரும்போது லக்சிகா வான் வண்டியில் ஏறவில்லை, எங்களோடு தோணியில் வந்தாள். ஆறிப்போன நண்டுக் கறியை வழிச்சு வழிச்சுத் தின்றபடி, அந்த ஒரு பந்தை எங்கள் ஊர்க் கரை வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னாள். காற்றுக்கு எதிரே சவள் துடுப்பு வலித்த களைப்புக்கூட எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து என் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. சோற்றுக்குக் குந்தினால் அபிசா வாசலில் கையை நீட்டி நிற்பாள்: “ஐயா, டிக்கட் இரிக்கா?” குளிக்கக் கிணற்றடிக்குப் போனாலும் டிக்கட். கோயில் திருவிழாவில் முன்பின் தெரியாத ஒருவரும் கேட்டார்.

இந்த வருடமும் லக்சிகாவின் அணி இறுதிப் போட்டிக்கு வந்திருக்கிறது. எங்கள் கதை பரவி, “நாங்களும் தோணியிலயே வாறம்” என்று கரையோரக் குடும்பங்கள் பேசத் தொடங்கியதாலோ என்னவோ, குடும்பத்துக்கு ஒரே டிக்கட் என்று விலையைக் குறைத்திருக்கிறார்கள். தன்னுடைய முடிச்சால்தான் அது நடந்தது என்று சீனித்தம்பி சொல்லித் திரிகிறான். அந்த டிக்கட்டை வாங்கி வந்து, பெருமையோடு லக்சிகாவின் கையில் வைத்தேன்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அம்மாவும் மாமாவும் சின்னவளும் கலரிக்குப் போகட்டும். நீங்க தோணியில வாங்க அப்பா.”

“என்னத்துக்கு மகள்? அதான் டிக்கட் இரிக்கே?”

“கலரியில ஆயிரம் தலை. தேடிப் புடிக்க ஏலா. வாவியில ஒரு தோணிதானே.”

நாளைக்குப் போட்டி. தோணியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். படங்கு வீட்டிலேயே இருக்கும். கயிறு என் இடுப்பில்.

2025 ஓகஸ்ட் 16, சனிக்கிழமை.