கட்சி இல்லாத ஒரு கலர்

எங்கள் குடும்பத்தில் நகை, நிலம் என்று பெரிதாக எதுவும் கைமாறியதில்லை. பயம் மட்டும் குறையில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. அப்பாவிடமிருந்து எனக்கு வந்த பங்கு கொஞ்சம் அதிகம். இன்றைக்கும் யாராவது வாடாமல்லி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கிவிடுவேன். அவர் கையில் குடையும் இருந்துவிட்டால் தெருவையே மாற்றிக்கொள்வேன். (மழைக்காலத்தில் என் பாடு என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

அப்பா அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். பள்ளிக்கூடமே அவரைப் பார்த்துப் பயப்படும். அவர் மெமோவைப் பார்த்துப் பயப்படுவார். இத்தனை வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. அந்த மே மாதம் அவர் ஓய்வு பெற வேண்டும். அதற்குள் தேர்தல் வந்து தொலைத்தது. அவருக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வேலை.

தேர்தல் நடத்தை விதிமுறை நாட்டுக்கெல்லாம் வந்தது என்றால், எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மடங்காக வந்தது. "காபி எப்படிங்க இருக்கு?" என்று அம்மா கேட்டால், "இப்ப எதைப்பத்தியும் கருத்துச் சொல்றதுக்கில்ல விஜயா" என்பார். தெருவில் யாராவது கையசைத்தால் திருப்பிக் கையசைக்கமாட்டார். விரலை விரித்தால் ஒரு சின்னம், மடக்கினால் இன்னொன்று, எதற்கு வம்பு என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருவார். அரசு ஊழியர் ஏதாவது ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்தமாதிரி ஒரு போட்டோ வெளியே போனால் போதும், சஸ்பென்ஷன், ரிட்டயர்மென்ட் நிறுத்திவைப்பு, பென்ஷன் முடக்கம் என்று வரிசையாகச் சொல்லுவார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்களுக்குத் தொட்டுக்கொள்ள அதுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் நான் புனேயிலிருந்து லீவில் வந்து இறங்கினேன், தலை நிறைய ஐடியாவோடு.

எங்களுக்கென்று உருப்படியான குடும்பப் படம் கிடையாது. மாமா கல்யாணப் பந்தியில் எடுத்தது ஒன்று உண்டு. அதில் அப்பா வாயில் அப்பளம், தம்பி குமரன் மேஜைக்கடியில். அப்பா ஓய்வு பெறுவதற்குள் ஹாலில் மாட்ட ஒரு நல்ல படம் எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன். அப்போது நான் ஃபோனில், கடற்கரையில் வெளிர் நிற உடையில் சிரிக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தேன்.

"எல்லாருக்கும் ஒரே கலர்னு எடுத்தா பட்டிக்காட்டுத்தனம்மா. ரெண்டு கலர் எடுத்து, மாத்தி மாத்தி மேட்ச் பண்ணணும்" என்றேன்.

"பேண்டு வாத்தியக்காரங்க மாதிரியா?" என்றாள் அம்மா. அன்றைக்கே அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். நான் முதலில் கையில் எடுத்தது சிவப்புச் சேலையும் கறுப்புச் சட்டையும்தான். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பாப்பா, அதைக் கீழ வை. யாரும் பாக்கறதுக்குள்ள வை."

காவியும் பச்சையும் எடுத்தேன். "ஐயையோ!" நீலமும் சிவப்பும் எடுத்தேன். "என்னை உள்ள தள்ளணும்னே கெளம்பி வந்தியா?" மஞ்சளும் சிவப்பும் எடுத்தபோது அவர் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"சரிப்பா, எல்லாருக்கும் வெள்ளைக்கு வெள்ளை."

"வெள்ளைக்கு வெள்ளை போட்டா எல்லாக் கட்சியும்தான்" என்றார் அப்பா.

கவுன்டர் மேல் துணி மலையாய்க் குவிந்துவிட்டது. கடைசியில் அடியிலிருந்து வெளிப்பட்டது அந்த ஜோடி: வாடாமல்லியும் கடுகு மஞ்சளும். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். விற்பனையாளரைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "தம்பி, இந்தக் கலர்ல ஏதாவது கட்சி இருக்கா?" என்று கேட்டார்.

"தெரியல சார், சாயம் போகாது சார்" என்றார் அவர்.

குமரன் ஃபோனில் ஒவ்வொரு கட்சிக் கொடியாகத் தேடிப் பார்த்தான். "எந்தக் கட்சியும் இல்லப்பா. இது கட்சியே இல்லாத கலர்" என்று தீர்ப்புச் சொன்னான். அப்பா பல நாள் கழித்து மூச்சு விட்டார். எனக்கும் அம்மாவுக்கும் கடுகு மஞ்சளில் வாடாமல்லி பார்டர் வைத்த சேலை, அப்பாவுக்கும் குமரனுக்கும் வாடாமல்லிச் சட்டை, கடுகு மஞ்சள் கரை வைத்த வேட்டி. அன்றைக்கு நான் என்னை ஒரு பெரிய டிசைனராகவே நினைத்துக்கொண்டேன். என் முதுகில் நானே தட்டிக்கொடுத்ததாகக்கூட ஞாபகம்.

போட்டோகிராபர் ஜெகன், குமரனின் சிநேகிதன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் காலை வெளிச்சத்தில் எடுக்கலாம் என்றது அவன்தான். கூடவே, "அக்கா, உங்க கலருக்கு மேட்ச்சா நாலு மஞ்சக் குடை வச்சிருக்கேன். ஆளுக்கொண்ணு விரிச்சுப் புடிச்சா செம்மயா இருக்கும்" என்றான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ். பஸ்ஸில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டீக்கடையில் ஒருவர், "நடத்துங்க, நடத்துங்க" என்றார்.

"எல்லாரும் ஏன் இப்படிப் பாக்கறாங்க?" என்று அப்பா என் காதில் கேட்டார்.

"நல்லாருக்கோம்பா, அதான்" என்றேன். (இந்த வாய்க்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.)

கோடைக்காலம். காவிரியில் படித்துறையை ஒட்டி முழங்காலளவு தண்ணீர்தான். சிலர் உட்கார்ந்து மொண்டு மொண்டு குளித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் படியில் வரிசையாக நின்று குடையை விரித்தோம். "சார், கொஞ்சம் சிரிங்க" என்று ஜெகன் கெஞ்சிக்கொண்டிருந்தான். அப்பாவும் சிரிப்பதற்காக வாயை ஒரு பக்கமாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெருப்பக்கமிருந்து மைக் சத்தம் கேட்டது.

"வாக்காளப் பெருமக்களே! உங்கள் சின்னம் குடைச் சின்னம்! வெயிலுக்கும் குடை, மழைக்கும் குடை!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதன் கூரையில் ஒரு கொடி. பாதி வாடாமல்லி, பாதி கடுகு மஞ்சள்.

அது ஒரு சுயேச்சை வேட்பாளரின் ஆட்டோ. கட்சிக்கொடிகளைத் தேடிய குமரனின் ஃபோனில் அவர் எப்படி வருவார்? அந்த மனிதரும் எங்களைப்போலவேதான் செய்திருக்கிறார். மற்றவர்கள் எடுத்த கலரையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி, யாருமே தொடாத கலராகப் பார்த்து எடுத்திருக்கிறார். ஊரில் மீதி இருந்ததே அது ஒன்றுதான்!

வேட்பாளர் ஆட்டோவிலிருந்து இறங்கினார். பாவம், தன் கலரில் நான்கு பேரை மொத்தமாக அவர் அதுவரை பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. படியில் ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, குடும்பத்தோட வந்துட்டீங்களே! எந்த வார்டுங்க?"

அப்பா கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். வேட்பாளரோடு வந்த ஒருவர் ஃபோனை உயர்த்தி, "அப்படியே நில்லுங்கய்யா, ஒரு போட்டோ" என்றார். அப்பாவுக்குச் சட்டென்று புத்தி வேலை செய்தது. குடையைச் சரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்து நாங்களும் மறைத்துக்கொண்டோம். முகம் ஒன்றுகூட விழவில்லை. படம் முழுக்க நான்கு பெரிய குடை! காசு கொடுத்து விளம்பரம் எடுத்திருந்தால்கூட அவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. "அருமை, அருமை!" என்று வேட்பாளர் நெகிழ்ந்துபோய், கும்பிட்டபடியே ஆட்டோவில் ஏறிப் போனார்.

"போயிட்டாருங்க, விடுங்க" என்றாள் அம்மா.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஆட்டோ போன இடத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. முன்கண்ணாடியில் ஒரு பலகை: தேர்தல் பறக்கும் படை.

அப்பாவை நான் அவ்வளவு வேகமாகப் பார்த்ததில்லை. சட்டையைக் கழற்றிப் படியில் எறிந்தார், கண்ணாடியைக் கழற்றி அம்மா கையில் திணித்தார், வேட்டியோடு ஆற்றில் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் ஒரு மனிதர் எங்கே ஒளிவது? அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டார். மூக்கும் நெற்றியும் மட்டும் வெளியே தெரிந்தன.

ஜீப்பிலிருந்து ஒரு அதிகாரியம்மா இறங்கி வந்தார். பின்னால் ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோகிராபர். இதெல்லாம் என்னால். அவரைக் கடைக்குக் கூட்டிப்போனது நான், கலர் எடுத்தது நான், குடைக்குப் புல்லரித்ததும் நான். இத்தனை வருடம் அப்பா பொத்திப் பொத்திக் காப்பாற்றிய பெயரை ஒரு போட்டோ ஆசையில் ஆற்றில் படுக்க வைத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது.

"யாருங்க நீங்கல்லாம்? எத்தனை பேரு வந்திருக்கீங்க? யாரு கூட்டிட்டு வந்தது?"

"நாங்க சும்மா குடும்பப் படம் எடுக்க..." என்றேன்.

"அந்தக் கலர்ல, அந்தச் சின்னத்தோட, குடும்பப் படமா?"

அதற்குள் வீடியோகிராபர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். "டேய் ஜெகா! நீ எங்கடா இங்க?" இருவரும் முகூர்த்த நாட்களில் ஒன்றாக வேலை பார்க்கிறவர்களாம். அன்றைக்கு முகூர்த்தம் இல்லாததால் அவர் பறக்கும் படைக்கு வந்துவிட்டார். "மேடம், நம்ம பையன்தான். இது ஃபேமிலி ஷூட்டு மேடம், கான்செப்ட் கலரு" என்று அதிகாரியிடம் சொன்னார். ஆனாலும் கடமை கடமைதானே, விசாரணையைப் படம் எடுக்கத் தொடங்கினார். பழக்க தோஷத்தில், "அம்மா, கொஞ்சம் பொண்ணு பக்கம் நெருங்கி வாங்க. தலையை லேசாச் சாய்ங்க" என்று வேறு சொன்னார். பயத்தில் நாங்களும் நெருங்கிச் சாய்ந்தோம்.

அதிகாரியம்மாவின் பார்வை படியில் கிடந்த வாடாமல்லிச் சட்டையில் விழுந்தது. அங்கிருந்து மெதுவாக ஆற்றுக்குப் போனது.

"இந்தச் சட்டை யாருது? அங்க படுத்திருக்கிறது யாரு?"

குமரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். முடிந்தது, பெயர் கேட்பார்கள், வேலை கேட்பார்கள், எல்லாம் முடிந்தது.

அம்மா சட்டையைக் குனிந்து எடுத்தாள். நிதானமாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். ஆற்றுப்பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"சட்டை எங்களுதுதாங்க, மாத்தறதுக்குக் கொண்டாந்தது. அது யாரோ குளிக்கிறாருங்க."

இத்தனை வருடம் கூடவே வாழ்ந்த மனிதரை அவள் கண்ணிமைக்காமல் யாரோ ஆக்கிவிட்டாள். என் அம்மாவுக்கு இப்படிப் பொய் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தண்ணீரில் இருந்தவர் அதைக் கேட்டாரா தெரியவில்லை, மூக்கும் உள்ளே போய்விட்டது.

அதிகாரியம்மா கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "மொதல்ல அந்தக் குடையை மடக்குங்க. வீட்டுக்குப் போய்ச் சேலையை மாத்துங்க" என்றார். ஜெகனின் நான்கு குடைகளும் ஜீப்பில் ஏறின. ஜீப் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் அப்பா எழுந்து உட்கார்ந்தார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அந்தக் கோடை வெயிலில்!

அதன் பிறகு மே மாதம் முடியும்வரை எங்கள் வீட்டு வாசலில் பைக் சத்தம் கேட்டாலே அப்பா பின்கட்டுக்குப் போய்விடுவார். மெமோ வரவில்லை. வாக்குச்சாவடி வேலையை முடித்தார், மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார், பென்ஷனும் ஒழுங்காக வந்தது. படித்துறையிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு ராத்திரியே நான் அவர் முன்னால் போய் நின்று அழுதிருந்தேன். "விடு பாப்பா, கலர் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். தேர்தல் தேதி அறிவித்த பிறகு அவர் சொன்ன முதல் கருத்து அது.

ஜெகன் எடுத்த படங்களில் தேறியது ஒன்றே ஒன்று. விசாரணை நடந்தபோது வீடியோகிராபருக்குப் பின்னால் நின்று சத்தமில்லாமல் அமுக்கியிருக்கிறான். நானும் அம்மாவும் குமரனும் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். வெள்ளைக்காரக் குடும்பங்களில்கூட அப்படி ஒரு பாசத்தை நான் பார்த்ததில்லை. பிரேம் போடக் கொடுத்தபோது அப்பா ஒரே நிபந்தனைதான் வைத்தார்: கலர் கூடாது. கறுப்பு வெள்ளையில் வந்ததும் அதையும் ஒரு முறை கையில் வாங்கிப் பார்த்து, "இது எந்தக் கட்சியும் இல்லையே?" என்று குமரனைக் கேட்டார்.

இப்போது அது ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு, "படம் நல்லாருக்கு, சார் எங்க காணோம்?" என்று கேட்பார்கள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வார். அம்மா எழுந்து போய், எங்கள் மூன்று பேருக்கும் பின்னால், தண்ணீருக்கு மேல் தெரியும் ஒரு சின்ன மூக்கின் மேல் விரலை வைப்பாள்.

"இதோ, யாரோ குளிக்கிறாரு பாருங்க."