லைன் சாமி வாயை மூடினார்

லைன் சாமி வந்திருக்கிறாராம்! மாமல்லபுரத்தில் அன்று வேறு பேச்சே இல்லை. திருப்போரூர் மனை வியாபாரிகளும் பொத்தேரி ஹாஸ்டல்காரர்களும் தாயத்து வாங்க கிருபாகரனின் விடுதியில் குவிந்துவிட்டார்கள். பேய் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் இன்டர்நெட் போனில் புகுந்த பேயை ஓட்டுகிறவர். காலத்துக்கேற்ற சாமி!

விஷயம் இதுதான். விடுதியில் அறை பதிவு செய்யும் அம்சா பேசினால், அழைப்பு பாதியில் கட் ஆகிவிடுகிறது. முதலாளி கிருபாகரன் போன் மாட்டிய கம்பெனியைக் கேட்கவில்லை. பட்டதாரி அல்லவா, நேரே சாமியைக் கேட்டார்.

"இந்தப் பொண்ணு கையில ஊமைப் பேய் கீது. இவள வூட்டுக்கு அனுப்பு," என்றார் சாமி. போனில் தாயத்தைக் கட்டி, கிருபாகரனின் செல்லுக்கு அழைத்து, மூச்சுவிடாமல் மந்திரம் சொன்னார். லைன் கட் ஆகவேயில்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நாளைலேர்ந்து வராதம்மா," என்றார் கிருபாகரன்.

அம்சா போனுக்குக் குறுக்கே வந்து நின்றாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

"போறேன் சார். ரூம் கீதான்னு பாக்க நான் மியூட் போட்டா மட்டுந்தான் கட் ஆவுது. சாமியும் மியூட் போடட்டும். மந்திரத்த மனசுக்குள்ள சொல்லட்டும்."

"அது தெய்வ குத்தம்," சாமி நெளிந்தார்.

"பேயத்தான் ஓட்டிட்டீங்களே சாமி. அப்புறம் இன்னா பயம்?"

கூட்டத்துக்கும் வேடிக்கை வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் சாமி மியூட்டை அழுத்தினார். தாயத்து தொங்கியது. மந்திரம் மனசுக்குள் ஓடியது. லைன் கட்!

அம்சா தாயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி அழைத்தாள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் என்று கண்டக்டர் மாதிரி ஊர்ப் பெயர்களை விடாமல் ஒப்பித்தாள். லைன் அப்படியே இருந்தது.

"பஸ் ஸ்டாப்பு பேரு சொன்னாலும் பேய் ஓடுது. இதுல மந்திரம் எங்க சாமி கீது?"

சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "சத்தம் போவலன்னா ஆள் இல்லன்னு மிஷினே கட் பண்ணிடும்மா. அது செட்டிங்கு. எத்தினி ஆபீஸ்ல நான் போன் மாட்டிக் குடுத்துகீறேன்..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"செட்டிங்கா? அப்போ ஊமைப் பேய்?" என்றாள் அம்சா.

கிருபாகரன் அசடு வழியக் கம்பெனியைக் கூப்பிட்டார். அவர்கள் செட்டிங்கை மாற்றினார்கள். அம்சா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நழுவிய சாமியைத் துரத்திக்கொண்டு ஒரு மனை வியாபாரி ஓடினார்.

"சாமி, அந்தச் செட்டிங்குக்கு எதுனா தாயத்து கீதா?"

கன்னத்தில் போட்டுக்கொள்ளும் மகாஜனங்களே, போன் லைன் கட் ஆனால் கம்பெனியைக் கூப்பிடலாம். மூளைக்குப் போகிற லைன் கட் ஆனால் யாரைக் கூப்பிடுவீர்கள்?