அலியார் ஹாஜியாரின் பின்சில்லு

பள்ளிவாசல்துறை,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் ஹஸன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கச்சி மர்ளியாவும் பிள்ளை நஸ்லியாவும் அல்ஹம்துலில்லாஹ், உடம்பால் சுகம். மன்னாரில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும், யுத்தம் முடிந்து திரும்பிப் போய் நீங்கள் போட்ட புதுக் கூரையும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். மனதால் சுகமா என்று கேட்காதீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போன் என்றால் நீங்கள் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் சிரித்து முடித்த பிறகும் மிச்சத்தை வாசித்தே ஆக வேண்டும்.

கற்பிட்டி அலியார் ஹாஜியாரின் மகன் அஸ்மினுக்கு நம் நஸ்லியாவைப் பேசலாம் என்று நீங்கள் பேச்செடுத்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. பிள்ளைக்கும் விருப்பம் என்று மர்ளியா சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு இது நடக்காமல் போனால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அவர்கள் பரம்பரையாக ஊர் ஆக்கள். நாங்கள் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடு வந்து இறங்கியவர்கள். இங்கே பிறந்த பிள்ளைகளே பிள்ளை பெற்றுவிட்டார்கள், இன்னும் எங்களுக்கு ‘வந்த ஆக்கள்’ என்றுதான் பெயர். எங்களிடம் மீன் வாங்குவார்கள், ஜனாஸா அடக்கத்துக்கு வருவார்கள், ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சம்பந்தம் என்றால் மட்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்துவிடும். அப்படியிருக்க ஹாஜியார் தானாகவே ஒரு தரம் வந்து பார்க்கிறேன் என்று சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று ஜும்ஆ முடிந்ததும் வந்தார். வேன் வைத்திருக்கிற மனிதர், சைக்கிளில் வந்தார். முறைப்படி, சும்மா இந்தப் பக்கம் போனவர் போல வர வேண்டுமாம். நாங்களும் முறைப்படி, எதிர்பாராதவர்கள் போலத் திகைத்தோம். சும்மா போனவருக்கு எப்படி ஆட்டிறைச்சிச் சோறு தயாராக இருந்தது என்று அவரும் கேட்கவில்லை. சஹனுக்கு ஆறு பேர் வேண்டும் அல்லவா? எங்கள் பக்கம் நானும், ரிட்டயர்ட் பள்ளிக்கூட அதிபர் செய்னுலாப்தீன் சேரும், மீன் வாடி ஸஜீதும். அவர்கள் பக்கம் ஹாஜியாரும், அயலில் இருக்கிற ஊர் ஆக்கள் இரண்டு பேரும். வெங்காய விலை பேசினோம், காற்று மாறியதைப் பேசினோம், கலியாணத்தை மட்டும் யாரும் வாயில் எடுக்கவில்லை. வட்டிலப்பம் முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது ஹாஜியார் மெதுவாகச் சொன்னார்: “சரி மக்பூல், வீட்ட போய் யோசிச்சிட்டுச் சொல்லி அனுப்புறன்.”

மச்சான், யோசித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்று போன எவரும் இந்தக் கடற்கரையில் சொல்லி அனுப்பிய சரித்திரம் இல்லை. திரைக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த பெண்களின் காப்புச் சத்தம்கூட நின்றுபோனது. வழக்கம்போல் எழும்பிய பிறகு ஒரு கதை, வாசலில் ஒரு கதை, செருப்புப் போட்ட பிறகு ஒரு கதை என்று பேசிப் போய்ப் பார்த்தால், ஹாஜியாரின் சைக்கிள் பின்சில்லு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது.

என் வாசலில் வந்த விருந்தாளியின் சில்லு காத்துப் போவதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பம்ப் அடித்தோம். அடிக்கிற காத்து அடிக்கிற வேகத்திலேயே போனது. ‘பெரிய ஓட்டை’ என்று அதிபர் தீர்ப்புச் சொன்னார். சைக்கிள் கடைக்காரன் கடையைப் பூட்டிக்கொண்டு சிலாபத்துக்குக் கலியாணத்துக்குப் போயிருந்தான். நானே கழற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன். டயர் போன கிழமை போட்ட புத்தம்புது டயர், மச்சான். ரிம்மோடு சேர்ந்தே பிறந்தது போல இறுகிக் கிடந்தது. நெம்புவதற்கு ஒன்றும் இல்லாததால் அலுமாரியைத் திறந்து, நீங்கள் மக்காவுக்கு உம்றாப் போய்வந்தபோது கொண்டுவந்து தந்த கரண்டி செட்டை எடுத்தேன். இதை மன்னித்துவிட்டுத்தான் மேலே வாசிக்க வேண்டும்.

சில்லைக் கழற்றிப் பாயில் படுக்க வைத்தோம். வட்டமாக ஒன்று நடுவில் கிடந்தால் எங்கள் ஆக்களுக்கு எப்படி உட்காரத் தெரியும்? சஹனுக்கு உட்காருவது போலத்தான். அதே ஆறு பேர், அதே இடம். இந்தப் பக்கம் ‘வந்த ஆக்கள்’, அந்தப் பக்கம் ஊர் ஆக்கள். சஹனில் தன் முன்னால் இருப்பதைத்தான் தொட வேண்டும், மற்றவர் பங்குக்குக் கை நீட்டக்கூடாது அல்லவா? அதே மரியாதையோடு ஆளுக்கொரு கரண்டியைத் தன் தன் பங்கில் செருகித் தன் தன் பக்கம் இழுத்தோம். ஆறு பக்கமும் ஆறு பேர் இழுத்தால் எந்தப் பக்கம் தளரும்? தளர்வது மரியாதைக் குறைவு என்று எல்லோரும் நினைத்தோம் போல. ‘நீங்கள் கொஞ்சம் விடுங்கள்’ என்று நான் ஹாஜியாரிடம் சொல்ல முடியுமா? அவர் விருந்தாளி. அவர் என்னிடம் சொல்ல முடியுமா? என் வீடு. அதிபர், சூட்டில் ரப்பர் விரியும் என்று கேத்தலில் இருந்த சுடுதண்ணீரை ஊற்றினார்; அது ஸஜீதின் காலில் விரிந்தது. ஊர் ஆக்களில் ஒருவர் தேங்காயெண்ணெய் பூசச் சொன்னார். அதற்குப் பிறகு டயரைத் தவிர மற்ற எல்லாம் வழுக்கியது. உங்கள் கரண்டிகள் ஒவ்வொன்றாக வளைந்து தூண்டில் போல ஆகின. மன்னாரில் இப்படியா கழற்றுவீர்கள் என்று அந்தப் பக்கம் முணுமுணுத்தது. கற்பிட்டியில் கழற்றுவார்களா, அல்லது பார்த்துக்கொண்டே இருப்பார்களா என்று ஸஜீத் கேட்டான். நான் அவன் காலைப் பிராண்டினேன், சுடுபட்ட காலை.

அப்போது எங்கள் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். எங்கள் பள்ளிப் பாங்கு முந்தும், ஊர்ப் பள்ளிப் பாங்கு கொஞ்சம் பிந்தும். அதில் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பதில்லை என்பது நீங்கள் இங்கே இருந்த காலத்திலிருந்தே தெரிந்த கதை. அதிபர் கரண்டியைப் போட்டுவிட்டு எழும்பினார். ஸஜீத் எழும்பினான். நானும் கையை எடுத்தேன். எங்கள் பக்கம் விட்டதுதான் தாமதம், டயர் எங்கள் பக்க ரிம்முக்குள் சரிந்து அந்தப் பக்கம் தளர்ந்து, முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்த ஹாஜியார் டயரோடு மல்லாக்க விழுந்தார். தொப்பி கோழிக் கூட்டில் போய் இருந்தது. தாங்கள்தான் கழற்றியது என்றார்கள் ஊர் ஆக்கள். எங்கள் பாங்கால்தான் கழன்றது என்றார் அதிபர். ஹாஜியார் மல்லாந்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

டியூபைத் தண்ணீர்ப் பேசினுக்குள் அமுக்கிப் பார்த்தால், கரண்டி குத்தின இடமெல்லாம் சோடா போலக் குமிழி. முதல் ஓட்டை எது, நாங்கள் போட்ட ஓட்டை எது என்று அந்த அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கடைசியில் அந்த வழியால் வந்த மீன் லொறியை மறித்து, சில்லையும் சைக்கிளையும் தனித்தனியாக ஏற்றி, வெள்ளைச் சாரத்தோடு ஹாஜியாரையும் பெட்டிகளுக்கு நடுவில் ஏற்றி அனுப்பினோம். ‘வாறன்’ என்று மட்டும் சொன்னார். யோசிப்பேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ஆகவே மச்சான், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மற்ற ஆக்கள் மனதைக் கலைப்பதற்கு முன் ஹாஜியாருக்கு ஒரு போன் எடுங்கள். தகப்பனைப் பார்த்துப் பிள்ளையை எடை போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் அவசரக்காரன், ரோஷக்காரன், உண்மைதான். ஆனால் நஸ்லியா யார் விஷயத்திலும் தலையிடாத, சைக்கிளில் முன் எது பின் எது என்றுகூடத் தெரியாத அடக்கமான பிள்ளை. இதை என் சார்பில் சத்தியம் பண்ணியே சொல்லலாம்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். நீங்கள் போன இடத்தில் உங்களை யாரும் வந்த ஆக்கள் என்று சொல்லாமல் அல்லாஹ் காப்பாற்றட்டும்.

வஸ்ஸலாம்.
உங்கள் மச்சான்,
மக்பூல்

பி.கு.: மச்சான், போன் எடுக்க வேண்டாம். சத்தியமும் பண்ண வேண்டாம். விலாசம் எழுத நஸ்லியாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். பிறகு உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து ஒரு சாமானைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். சைக்கிள் வால்வுக்குள் காத்தைப் பிடித்து வைக்கிற சின்ன ரப்பர். ஹாஜியார் பிளேன்டீ குடிக்கும்போது குசினிக் கதவால் போய்க் கழற்றியிருக்கிறாள். டியூபில் முதலில் ஓட்டையே இல்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். “வாப்பா, வீட்ட போய் யோசிச்சா அவர் திரும்ப வர மாட்டார். இங்கயே இருந்து யோசிக்கட்டும் எண்டுதான்” என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியாரே போன் எடுத்தார். கற்பிட்டிக் கடையில் புது டியூப் போடும்போது, வால்வுக்குள் இருந்த ரப்பர் எங்கே என்று கடைக்காரன் கேட்டிருக்கிறான். அதைச் சொல்லிவிட்டு அவர் தொடர்ந்தார்: “மக்பூல், நாம ஆறு பேரும் பாயிலதானே இருந்தம். ரப்பரக் கழட்டின ஆளத்தான் நான் பார்க்க வந்தது. பார்த்திட்டன். நாளைக்கில்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுப் பொம்பளையள் வருவாங்க.” இந்த முறை வேனில்தான் வருகிறார்களாம். நீங்களும் மதினியும் கட்டாயம் வர வேண்டும். வரும்போது ஒரு கரண்டி செட் வாங்கி வாருங்கள். ரப்பரைப் பத்திரமாக வைக்கச் சொன்னார், கலியாணத்தன்று கேட்டு வாங்குவாராம். மர்ளியா அதைத் தன் காப்புகளோடு சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.