ஸ்னோ கேட்ட நோர்வே அண்ணை

லண்டனில் ஸ்னோ கொட்டவில்லையே என்று வானத்தைத் திட்டிய ஒரே யாழ்ப்பாணத்தான் எங்கள் நோர்வே அண்ணைதான். மற்ற நாங்களெல்லாம் ஒரு பொட்டு வெள்ளை விழுந்தாலே ஷிப்டுக்கு வர ஏலாது என்று போன் போடுகிற ஆட்கள்.

நோர்வேயில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், காலில் ஸ்கீ என்கிற பனிச்சறுக்குக் கட்டை பூட்டிக்கொண்டு காட்டுப் பாதையால் வேலைக்குப் போய் வந்த மனுசன் அவர். மனைவி செத்தபிறகு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த மகளிடம் வந்து சேர்ந்தார். இங்கே ஸ்னோவும் இல்லை, காடும் இல்லை. மனுசன் விட்டாரா? தார் றோட்டில் உருள அடியில் சில்லுப் பூட்டிய ஸ்கீயை மாட்டி, இரண்டு கையிலும் ஊன்றுதடியோடு, ஞாயிறு காலையில் பார்க்கைச் சுற்றுவார். அந்தச் சனியனுக்குப் பிரேக் கிடையாது. நிற்கவேண்டுமென்றால் புல்லுக்குள் விழவேணும்.

“அண்ணை, இந்த வயசில இது தேவையோ?” என்று கேட்டேன்.

“உமக்கென்ன தெரியும்? வாரும், பழக்கிவிடுறன்.”

போனோம். தமிழர் அல்லவா, ஸ்கீயில் நிற்கப் பழகமுதலே கழகம் தொடங்கிவிட்டோம். அப்டன் பார்க்கில் கடை வைத்திருக்கும் குகன் தலைவர், மலேசியாக்காரர் சேகர் உபதலைவர், நான் செயலாளர். போசகர் என்று ஒரு புரவலர்கூட இருந்தார். ஸ்கீ ஓடத் தெரிந்த ஒரே ஆளுக்குப் பதவி கொடுக்க மறந்துபோனோம். இரண்டாவது கூட்டத்திலேயே குகனும் சேகரும் தலைவர் பதவிக்குச் சண்டைபிடித்து, முகம் பார்க்காமல் போனார்கள். கழகம் இரண்டானது. இரண்டிலும் ஒருத்தருக்கும் நேராக நிற்க வராது. அண்ணை இரண்டு கோஷ்டிக்கும் தனித்தனியாகப் பழக்கினார்.

பிறகு இருமல் வந்தது. நுரையீரல் இறுகிக்கொண்டு போகிறது, இனி மாற்ற ஏலாது என்றார்கள் டாக்டர்கள். பார்க்கப் போனால் யன்னலடியில் இருப்பார். சுகம் கேட்டால் வானிலை சொல்லுவார்.

“ஒருக்கா ஸ்னோவில போகவேணும், தம்பி. தார் றோட்டோட என்ரை கதை முடியக்கூடாது.”

அந்தக் குளிர்காலம் முழுக்க மழைதான் பெய்தது. பாழாய்ப்போன மழை. ஆள் கண்முன்னே உருகிக்கொண்டு போனார். எனக்குக் கடவுள்மேல் கெட்ட கோபம் வந்தது.

ஒரு காலை எழும்பிப் பார்த்தால் றோட்டெல்லாம் வெள்ளை. குகன் கடை திறக்கவில்லை. சேகரும் ஓடிவந்தார். மகள் அழுதழுது சக்கர நாற்காலியைத் தள்ள, ஒக்சிஜன் சிலிண்டரோடு அண்ணையைப் பார்க்குக்குக் கொண்டுபோனோம். ஸ்கீயை மாட்டிவிட்டோம். எழும்பினார். ஒரு அடி வைத்ததுமே மூச்சு முட்டியது. மிதிபடாத ஸ்னோவில் முதல் போகிறவனுக்குத்தான் பாடு. தடம் விழுந்துவிட்டால் பின்னால் வருகிறவர் லேசாக வழுக்கிக்கொண்டு வரலாம்.

கூடக் கொண்டுவந்திருந்த அண்ணையின் பழைய ஸ்கீச் சோடிகளில் ஒன்றைக் குகன் எடுத்தான். “நான் முன்னுக்குப் போறன்.”

“நீ தனியா போனா விழுவே. நானும் வர்றேன், இரு,” என்று சேகர் மற்றச் சோடியை மாட்டினார்.

சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிய முதல் வார்த்தை அதுதான். விழுந்தார்கள், எழும்பினார்கள், திரும்ப விழுந்தார்கள். “முழங்காலை மடியடா, மடையா!” என்று அண்ணை கத்தினார். சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

தடம் கோணலும் மாணலுமாகத்தான் விழுந்தது. அண்ணை அதில் கால் வைத்துத் தள்ளினார். வழுக்கிக்கொண்டு போனார்! சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி மகள் பக்கத்தில் ஓடினாள். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம் வரைதான். அங்கே நின்று தடியில் சாய்ந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

“போதும், காணும்,” என்றார். “எனக்கு இவ்வளவும் காணும்.”

அந்தக் கிழமை முடியமுதலே போய்விட்டார்.

எங்களுக்குக் காணாது, அண்ணை.