கிரைண்டருக்கு இடமில்லை

“பாசிங்க.”

“பவளம்.”

“நம்ம கெணத்துப் படியில வழுக்குமில்லீங்க, அதேதானுங்க இது.”

சங்ககிரியில் இரண்டு லாரி வைத்திருந்த கந்தப்பன், மனைவி சொன்னதைக் காதில் வாங்காமல் கண்ணாடித் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். தூத்துக்குடிக்கு உப்பு லோடு ஏற்றப் போகும் டிரைவர் மணியன், கேன் கேனாகக் கடல்தண்ணீரும் ஒரு கல்லும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கல்லில் இப்போது பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது.

“ஞாயித்துக்கெழம காலேஜ் வாத்தியாரு ராசு வாராரில்லீங்க? பாசின்னு அவரு சொல்லிட்டா தொட்டி வெளிய. அந்த எடத்துல எனக்குக் கிரைண்டரு” என்றாள் வசந்தாமணி.

“சரி” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டார். அப்புறம்தான், அது பாசியாகவே இருந்துவிட்டால் என்று யோசித்தார். கடலையே ஒருமுறைதான் பார்த்தவர். அது வீட்டுக்குள் இருப்பதில் அவருக்கு அத்தனை ஆசை.

பவளம் வளர்ந்து காட்டட்டும் என்று, தென்னைக்கு வைப்பதுபோல ஒரு பிடி கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினார். தொட்டி முழுக்கப் பச்சையாகிவிட்டது. கிணறு கெட்டால் சுண்ணாம்பு போடுவதுதானே வழக்கம்? போட்டார். தண்ணீர் மோராகிவிட்டது. சனிக்கிழமை அத்தனையையும் இறைத்துக் கொட்டி, மிச்சமிருந்த கடல்தண்ணீரை ஊற்றி, கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்தார். பச்சை போயிற்று. வெறும் கல் மிஞ்சியது. அன்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். தூத்துக்குடி லோடு ராத்திரியே வந்துவிடும் என்று மணியன் போன் செய்தபோதுகூட வசந்தாமணிதான் எடுத்துப் பேசினாள்.

ஞாயிறு காலை தொட்டியைப் பார்த்தவர் அப்படியே நின்றார். கல்லின் மேல் தவிட்டு நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள். கல்லே சற்றுப் பருத்திருந்தது.

“வசந்தாமணி, புண்ணாக்கு வேலை செஞ்சிருச்சு.”

“என்னமோ போங்க” என்று அவள் மாவாட்ட ஆட்டுக்கல் முன் உட்கார்ந்தாள்.

வாத்தியார் ராசு லென்ஸ் வைத்துப் பார்த்தார். “பவளந்தானுங்க. உசுரோட இருக்குது. எப்படீங்க வளத்துனீங்க?”

கந்தப்பன் புண்ணாக்கு அளவைச் சொன்னார். வாத்தியார் நோட்டில் குறித்துக்கொண்டார்.

“கேட்டுதா? இனி கிரைண்டர் பேச்சே இந்த ஊட்ல வரக்கூடாது” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார் கந்தப்பன். ஆட்டுக்கல் சத்தம் நிற்கவில்லை.

பின்வாசலில் மணியனின் குரல் கேட்டது.

“அக்கா, அந்தப் பழைய கல்லைக் குடுங்க. அண்ணன் கண்ணுல படறதுக்குள்ள கொண்டுபோயிக் கடல்லயே போட்டுர்றேன்.”