ஐஸ் காக்காவின் குளிர்

இந்த நாட்டில் குளிரைத் தன் பரம்பரைச் சொத்துப்போல அனுபவித்த ஆள் ஒருவர்தான். அவர் ஐஸ் காக்கா; எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். கல்முனைக் கடற்கரையில் மீன்காரர்களுக்கு ஐஸ் கட்டி விற்றவர். அவருடைய சொந்தப் பேரை அவர் பெண்சாதியே மறந்திருப்பா.

நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சுனாமி இரண்டு வீட்டையும் ஒரே அடியில் கொண்டுபோனது. "இனிக் கடல்ட சத்தம் கேக்கிற இடத்தில படுக்கவே மாட்டன்" என்று சொல்லி, தன் பெண்சாதியான மதினியையும் கூட்டிக்கொண்டு பண்டாரவளையில் ஒரு மலைச்சரிவுக்குக் குடிபோய்விட்டார். அங்கே ஐஸை யார் வாங்குவது? பிளேன்டீக் கடை போட்டார். நான் ஊரிலேயே முகாமில், தகரக் கொட்டிலுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

காலையில் போன் வரும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"தம்பி, இண்டைக்கு என்ன மீன் பட்டிரிக்கி?"

பதிலைக் கேட்ட கையோடு குளிரின் கதை தொடங்கும். குடிபோன முதல் கிழமை, மூடுபனி வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. மனுஷன் குசினி பத்துகிறது என்று நினைத்து, ஒரு வாளித் தண்ணீரை அடுப்பிலும் சோற்றிலும் மதினியிலும் ஊற்றிவிட்டார். வேறு யாராவது என்றால் மறைப்பார்கள். இவர் பெருமையாகச் சொன்னார். மார்கழி மழையில் துவைத்துப்போட்ட சாரம் மூன்று நாளாகக் காயவில்லையாம். தை மாதம் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிவிட்டதாம். பங்குனியில் பேரி மரம் பூத்து முற்றமெல்லாம் வெள்ளையாம். எனக்கு வயிறு எரிந்தது. காயாத சாரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான்.

ஆடியில் மலைப்பக்கமிருந்து கச்சான் காற்று அடித்து, தகரத்தில் கை வைக்க முடியாமல் சுட்ட ஒரு நாள் சொன்னார்: "இந்தக் காத்து எங்கட முத்தத்தத் தாண்டித்தான் உங்கட பக்கம் வருது தம்பி. இஞ்ச நல்ல கூதல். ஏதும் சொல்லி அனுப்பவா?"

அதோடு பழிவாங்கத் தீர்மானித்தேன். மறுநாள் கரைவலையில் குப்பையும், தின்ன உதவாத சொறிமுட்டையும் மட்டும்தான் வந்தன. "பாரை காக்கா! துள்ளத் துள்ள!" என்றேன். அன்றைக்குக் குளிரின் கதையைத் தொடங்காமலே போனை வைத்துவிட்டார். வெயிலுக்குள்ளும் எனக்கு அப்படியொரு குளிர்ச்சி. பிறகு நாளுக்கொரு மீனாக அவிழ்த்துவிட்டேன்.

யுத்தம் முடிந்து, பாதைப் பயம் தீர்ந்ததும் நேரில் போனேன். அப்படி என்னதான் குளிர் என்று பார்த்துவிடும் எரிச்சலில்தான் போனேன். காக்கா இரண்டு சுவெட்டர், ஒரு குரங்குத் தொப்பிக்குள் அடுப்பைக் கட்டிப்பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார்.

"குளிர் எப்படி காக்கா?"

"சொர்க்கம்டா" என்றார். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

பகல் சோற்றுக்கு உட்கார்ந்தோம். மதினி கறிச்சட்டியைத் திறந்து, "பாரை ஆணம்" என்றா. உள்ளே உருளைக்கிழங்கு.

நான் முழித்ததைப் பார்த்து மதினி சொன்னா: "நீங்க காலையில என்ன மீன் எண்டு சொல்றீங்களோ, அந்த மீனுக்குக் கறிச்சரக்குக் கூட்டுற மாதிரித்தான் நான் கூட்டணும். கிழங்கெண்டு வாய் தவறிச் சொன்னா, உங்கட காக்கா சோத்துப் பீங்கானத் தள்ளி வெச்சிடுவார்."

"இஞ்ச மீனே வாறல்லயா?"

"லொறியில வரும். அது கல்முனை மீனில்லையாம்."

என் பொய்களையெல்லாம் இந்த மனுஷன் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

"ஊருக்கு வாங்களேன் காக்கா" என்றேன்.

"கடல்ட சத்தம் கேக்கும்" என்றார். பிறகு ஒரு கிழங்கை எடுத்து, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, என் பீங்கானில் வைத்தார்.

இனிப் பொய் சொல்வதில்லை என்று ஊர் திரும்பினேன். விடிந்ததும் கடற்கரைக்கே போய் நின்றேன். வலையில் சொறிமுட்டைதான். போன் அடித்தது.

"தம்பி, இண்டைக்கு என்ன மீன்?"

கடலுக்கு முதுகைக் காட்டி, அலைச் சத்தம் அவருக்குக் கேட்காதபடி போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"விளைமீன் காக்கா" என்றேன். பகல் சோற்றுக்கு மனுஷனுக்கு ஒரு மீன் வேண்டாமா?